அடினைனைக் கேட்டால் ஏன் எதுவும் வருவதில்லை? மூலக்கூறு மென்பொருளில் நியூக்ளிக் அமிலப் பெயர்கள்

கேட்கப்பட்டது இதுதான்: புரதமும் டிஎன்ஏவும் சேர்ந்திருக்கும் ஓர் அமைப்பை பைமாலில் (மூலக்கூறுகளைப் படமாகக் காட்டும் மென்பொருள்) திறந்து, அடினைன்களுக்கு மட்டும் நிறம் மாற்ற 'ரெஸ்என் ஏ' என்று கொடுத்தால் ஓர் அணுகூடத் தேர்வாகவில்லை. அதே கட்டளை ஆர்என்ஏ கோப்பில் ஒழுங்காக வேலை செய்கிறது. பழைய பயிற்சிக் குறிப்புகளிலோ டிஎன்ஏவுக்கே இந்தக் கட்டளையைத்தான் போட்டிருக்கிறார்கள். இதோடு இன்னும் இரண்டு கேள்விகள்: சர்க்கரையும் பாஸ்பேட்டும் இல்லாமல் காரங்களை (அடினைன் போன்ற எழுத்துப் பகுதிகளை) மட்டும் எடுப்பது எப்படி? கடத்து ஆர்என்ஏ கோப்பைச் சுத்தம் செய்ததும் (தண்ணீர் முதலியவற்றை நீக்கியதும்) இழை நடுநடுவே அறுந்துபோவது ஏன்?

கட்டளைகளையும் குறியீடுகளையும் இங்கே ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன். தட்டச்சு செய்யும்போது ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

முதல் கேள்விக்கு விடை மென்பொருளில் இல்லை, கோப்பில் இருக்கிறது. 'ரெஸ்என்' என்பது ரெசிட்யூவின் (சங்கிலியின் ஒரு கண்ணி, இங்கே ஒரு நியூக்ளியோடைடு) பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்க்கும், அவ்வளவுதான். அடினைன் என்றால் என்ன என்ற வேதியியல் அறிவெல்லாம் அதற்குக் கிடையாது. இன்றைய பிடிபி (மூலக்கூறு அமைப்புகளைச் சேமிக்கும் பொதுத் தரவு வங்கி) கோப்புகளில் ஆர்என்ஏவின் நான்கு ரெசிட்யூக்களும் ஏ, சி, ஜி, யூ என்று ஒற்றை எழுத்தில் இருக்கும். டிஎன்ஏவுக்கு முன்னால் அதன் முதல் எழுத்தான டி சேர்ந்து டிஏ, டிசி, டிஜி, டிடி என்று வரும் (கடைசிப் பெயரில் இரண்டாவது டி தைமினுக்கு). ஆகவே உங்கள் கோப்பில் தேட வேண்டியது 'ரெஸ்என் டிஏ'.

எப்போதும் இப்படி இருக்கவில்லை. பிடிபி தரவு வங்கி 1971இல் தொடங்கியது. அதன் பிறகு நெடுங்காலம் டிஎன்ஏ, ஆர்என்ஏ இரண்டுக்குமே ஒரே ஒற்றை எழுத்துப் பெயர்தான். மாற்றம் பெற்ற நியூக்ளியோடைடு என்றால் எழுத்துக்கு முன்னால் ஒரு கூட்டல் குறி. 2007இல் வங்கி தன்னிடமிருந்த கோப்புகளை எல்லாம் சீர்திருத்தி மறுவெளியீடு செய்தபோதுதான் டிஏ, டிசி வரிசை வந்தது. அதோடு அணுப் பெயர்களும் மாறின. சர்க்கரை அணுக்கள் முன்பு சி1*, ஓ3* என்று நட்சத்திரக்குறியோடு இருந்தன. இப்போது சி1', ஓ3' என்று மேற்குறியோடு இருக்கின்றன. பாஸ்பேட்டின் ஓ1பி, ஓ2பி என்பவை ஓபி1, ஓபி2 ஆயின. தைமினின் மெத்தில் கார்பன் சி5எம் என்பதிலிருந்து சி7 ஆனது. பழைய குறிப்புகளில் உள்ள கட்டளைகள் தவறானவை அல்ல. அவை எழுதப்பட்ட காலத்துக் கோப்புகளுக்குச் சரியானவை. யாராவது அந்தக் காலத்தில் இறக்கி வைத்த கோப்பை இன்றும் பகிர்ந்துகொண்டிருந்தால், அதில் 'ரெஸ்என் ஏ' டிஎன்ஏவையும் பிடிக்கும். ஒரே அமைப்பின் இரண்டு பிரதிகளில் ஒரே கட்டளை இரண்டு விடை தருவது இதனால்தான்.

பழைய கட்டளைகளில் இன்னொரு வம்பும் உண்டு. பைமாலில் நட்சத்திரக்குறி என்பது 'இங்கே எது வேண்டுமானாலும் வரலாம்' என்பதற்கான குறி. 'நேம் சி1*' என்று கொடுத்தால் சி1' வரும். கூடவே பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மருந்து மூலக்கூறின் சி10, சி11 எல்லாம் வந்து சேரும். படத்தில் ஏதோ தேர்வாகியிருப்பதைப் பார்த்துவிட்டு யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. கூட்டல் குறியும் அதே மாதிரிதான். பைமால் அதைப் பட்டியலைப் பிரிக்கும் குறியாகப் படிக்கிறது ('ரெஸ்என் டிஏ+டிஜி' என்றால் இரண்டும்). அதனால் பழைய '+சி' என்ற பெயரை அப்படியே அடித்தால் அது ஒரு பெயர் என்றே அதற்குத் தெரியாது.

சிமுலேஷன் (மூலக்கூறின் அசைவைக் கணினியில் கணக்கிடுவது) பக்கமிருந்து வரும் கோப்புகள் தனி உலகம். ஆம்பரும் சார்மும் அதற்கான மென்பொருள்கள். ஆம்பர் வழியில் வந்த டிஎன்ஏவில் இழையின் 5' முனையில் (தொடக்கத்தில்) உள்ள அடினைன் டிஏ5, 3' முனையில் (இறுதியில்) உள்ளது டிஏ3, நடுவில் உள்ளவை டிஏ. 'ரெஸ்என் டிஏ' என்று கேட்டால் இரண்டு முனைகளும் சத்தமில்லாமல் விடுபட்டுப் போகும். சார்ம் வழியில் வந்தால் ஏடிஈ, சிஒய்டி, ஜியூஏ, டிஎச்ஒய், யூஆர்ஏ என்ற மூன்றெழுத்துப் பெயர்கள். அங்கே டிஎன்ஏ அடினைனும் ஆர்என்ஏ அடினைனும் இரண்டுமே ஏடிஈ. தைமினின் மெத்தில் இன்னும் சி5எம்தான்.

எனவே யாருடைய கட்டளையையும் (என்னுடையதையும் சேர்த்துத்தான்) நகலெடுத்து ஒட்டுவதற்கு முன், கோப்பில் என்ன பெயர்கள் இருக்கின்றன என்று கோப்பையே கேட்டுவிடுங்கள். பைமாலில் இப்படி:

இட்டரேட் பாலிமர்.நியூக்ளிக் அண்ட் நேம் "சி1'", பிரிண்ட்(செயின், ரெஸ்ஐ, ரெஸ்என்)

ஒவ்வொரு நியூக்ளியோடைடுக்கும் ஒரு வரி வீதம் சங்கிலி, எண், பெயர் மூன்றும் வந்துவிடும். சி1' அணுவைத் தேர்ந்ததற்குக் காரணம் இருக்கிறது. புரதத்தில் ஆல்பா கார்பன் செய்யும் வேலையை இங்கே அது செய்கிறது: சர்க்கரை இருக்கும் இடத்தில் எல்லாம் அது ஒன்றே ஒன்று இருக்கும். பலர் பாஸ்பரஸை எண்ணுகிறார்கள். ஆனால் 5' முனையில் பல சமயம் பாஸ்பேட்டே இருப்பதில்லை. 1பிஎன்ஏ என்ற புகழ்பெற்ற டிஎன்ஏ அமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். சிஜிசிஜிஏஏடிடிசிஜிசிஜி என்ற 12 எழுத்து வரிசை, இரண்டு இழைகள். சி1' எண்ணினால் 24. பாஸ்பரஸ் எண்ணினால் 22தான். புதிதாக ஒரு தேர்வுக் கட்டளை எழுதினால் முதலில் இந்தக் கோப்பில் ஓட்டிப் பார்க்கலாம். அடினைன் 4, தைமின் 4, குவானைன் 8, சைட்டோசின் 8 வர வேண்டும். வராவிட்டால் கட்டளையில் எங்கோ கோளாறு.

பைமாலைப் போன்ற வேறு மென்பொருள்களிலும் இதைச் செய்யலாம். விஎம்டியில் இதே வேலைக்கு அணுத் தேர்வை எடுத்து 'கெட் ரெஸ்நேம்' என்று கேட்கலாம். கைமெரா எக்ஸில் 'இன்ஃபோ ரெசிட்யூஸ் நியூக்ளிக்' போதும்.

அடுத்தது ஒற்றை எழுத்துக் குழப்பம். ஆர்என்ஏ பார்ப்பவர்களை இது விடாமல் துரத்தும். 'ஏ' என்பது ஒரே கோப்பில் மூன்று பொருள் தரக்கூடும்: அடினைன் ரெசிட்யூவின் பெயர், ஒரு சங்கிலியின் பெயர், ஓர் அணுவின் மாற்று நிலைக்கான அடையாளம். 'சி' இன்னும் மோசம். சைட்டோசின், சி சங்கிலி, கார்பன் தனிமம், புரதத்தின் கார்பனைல் கார்பனுடைய அணுப் பெயர் என்று நான்கு. பைமாலில் 'ரெஸ்என் சி', 'செயின் சி', 'எலெம் சி', 'நேம் சி' நான்கும் நான்கு விதமான விடை தரும். கைமெரா எக்ஸில் குறிகளே பேதம் காட்டுகின்றன: சாய்கோட்டுக்குப் பின் வருவது சங்கிலி, முக்காற்புள்ளிக்குப் பின் வருவது ரெசிட்யூ, அட் குறிக்குப் பின் வருவது அணு. '/ஏ' என்றால் ஏ சங்கிலி முழுவதும். ':ஏ' என்றால் எல்லாச் சங்கிலிகளிலும் உள்ள அடினைன். இதே வகை மென்பொருளான ஜேமாலில் முக்காற்புள்ளி நேர்மாறாக, சங்கிலியைக் குறிக்கும். ஒன்றில் பழகிய கை இன்னொன்றில் தடுமாறுவதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு செய்ய முடியாது! ஜேமாலில் எண்ணில் தொடங்கும் ரெசிட்யூ பெயரைச் சதுர அடைப்புக்குள் போட வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்: [5எம்சி].

பெயரே சொல்லாமல் மொத்தமாக எடுக்க எல்லா மென்பொருளிலும் ஆயத்தச் சொற்கள் இருக்கின்றன. பைமாலில் 'பாலிமர்.நியூக்ளிக்', விஎம்டியிலும் கைமெரா எக்ஸிலும் 'நியூக்ளிக்'. ஜேமாலில் அதோடு 'டிஎன்ஏ', 'ஆர்என்ஏ', 'பியூரின்' (அடினைன், குவானைன்), 'பிரிமிடின்' (சைட்டோசின், தைமின், யுராசில்) என்றும் கேட்கலாம். வசதியானவைதான். ஆனால் ஒவ்வொரு மென்பொருளும் இவற்றைத் தனக்கே உரிய வழியில் தீர்மானிக்கிறது. விஎம்டியின் 'நியூக்ளிக்' முதுகெலும்பு அணுக்களைப் பார்த்து முடிவு செய்வது. அதன் 'பியூரின்' பெயர்ப் பட்டியலைப் பார்ப்பது. பட்டியலில் இல்லாத பெயர் கோப்பில் வந்தால் முன்னது பிடிக்கும், பின்னது விட்டுவிடும். என் பழக்கம் இதுதான்: மொத்தத் தேர்வுக்கு ஆயத்தச் சொல், அதற்குள்ளே பிரிப்பதற்கு நானே எழுதிய பெயர்ப் பட்டியல்.

இந்த ஆயத்தச் சொற்களால் இன்னொரு லாபமும் உண்டு. ஏடிபி, ஜிடிபி போன்ற தனி மூலக்கூறுகளிலும் சி1' அணு இருக்கிறது, அதே பெயரில். 'பாலிமர்' என்ற கட்டுப்பாடு இல்லாமல் தேடினால் புரதத்தின் பைக்குள் உட்கார்ந்திருக்கும் ஏடிபியும் ஆர்என்ஏ கணக்கில் சேர்ந்துவிடும். எதிர்த் திசையிலும் ஒரு பொறி இருக்கிறது. சோதனைக் குழாயில் பாலிமரேஸ் கொண்டு தயாரித்த ஆர்என்ஏக்களில் முதல் ரெசிட்யூ ஜிடிபி என்ற பெயரிலேயே பதிவாகியிருப்பது சகஜம். அது உண்மையில் இழையின் உறுப்பு. ஆனால் 'ரெஸ்என் ஏ+சி+ஜி+யூ' அதைத் தொடாது.

சரி, காரங்களை மட்டும் எடுக்கும் விஷயத்துக்கு வருவோம். நியூக்ளியோடைடுகளின் அணுப் பெயரிடலில் ஓர் அழகான ஒழுங்கு இருக்கிறது: சர்க்கரையைச் சேர்ந்த எல்லா அணுக்களின் பெயரும் மேற்குறியில்தான் முடியும். ஹைட்ரஜன்களும் அப்படியே, எச்5'' போல இரட்டை மேற்குறி வந்தாலும் முடிவு மேற்குறிதான். மீதியில் பாஸ்பேட்டைக் கழித்தால் எஞ்சுவது காரம்:

செலக்ட் காரம், பாலிமர்.நியூக்ளிக் அண்ட் நாட் நேம் "*'" அண்ட் நாட் நேம் பி+ஓபி1+ஓபி2+ஓபி3

இதில் 'காரம்' என்பது நீங்கள் தேர்வுக்கு இடும் பெயர். அது உங்கள் விருப்பம். மேற்குறி உள்ள பெயரை இரட்டை மேற்கோளுக்குள் போடுவது நல்லது. விஎம்டியிலும் அதுவே பாதுகாப்பு. ஓபி3 எதற்கு என்றால், முனையில் பாஸ்பேட் இருக்கும் கோப்புகளில் மூன்றாவது ஆக்சிஜன் அந்தப் பெயரில் இருக்கும். சேர்க்காமல் விட்டால் இழையின் நுனியில் ஓர் ஆக்சிஜன் மட்டும் காரத்தின் நிறத்தில் அந்தரத்தில் தொங்கும்.

இந்த ஒழுங்கைத் தெரிந்துகொண்டால் இன்னும் நுணுக்கமாகப் போகலாம். டிஎன்ஏ இரட்டைச் சுருளின் இரண்டு பள்ளங்களில், புரதம் பெரும்பள்ளத்தில் தொடுகிறதா, சிறுபள்ளத்தில் தொடுகிறதா என்று பார்க்க வேண்டுமென்றால் அந்தந்தப் பக்கம் முகம் காட்டும் அணுக்களை மட்டும் கேட்கலாம். பெரும்பள்ளத்தில் அடினைனின் என்6, என்7, குவானைனின் ஓ6, என்7, தைமினின் ஓ4, சி7, சைட்டோசினின் என்4. சிறுபள்ளத்தில் அடினைனின் என்3, சி2; குவானைனின் என்3, என்2; தைமினுக்கும் சைட்டோசினுக்கும் ஓ2. இவற்றை இரண்டு தேர்வுகளாகச் சேமித்துவிட்டு, அப்புறம் ஒவ்வொன்றுக்கும் 4 ஆங்ஸ்ட்ராம் தூரத்தில் என்ன புரத அணுக்கள் இருக்கின்றன என்று பாருங்கள். வெறுமனே 'டிஎன்ஏவுக்குப் பக்கத்தில் உள்ள அமினோ அமிலங்கள்' என்று கேட்டால் பாஸ்பேட்டை ஒட்டி நிற்கும் லைசின், ஆர்ஜினின் கூட்டம்தான் படத்தை நிரப்பும். எழுத்து வரிசையைப் புரதம் எப்படி வாசிக்கிறது என்ற கேள்விக்கு அதில் பெரும்பாலும் விடை கிடைக்காது. நியூக்ளிக் அமிலத்தில் பெயரை நம்பித் தேடுவதைவிட அணுவை நம்பித் தேடுவது பல இடங்களில் மேல் என்பதற்கு இதுவே நல்ல சாட்சி.

டிஎன்ஏவா ஆர்என்ஏவா என்ற சந்தேகத்துக்கும் அணுவே தீர்ப்புச் சொல்லும். ஆர்என்ஏவின் சர்க்கரையில் ஓ2' இருக்கும், டிஎன்ஏவில் இருக்காது. ஏடிஈ, சிஒய்டி என்று இரண்டுக்கும் ஒரே பெயர் வரும் கோப்பில் இப்படிப் பிரிக்கலாம்:

செலக்ட் ஆர்என்ஏ_பகுதி, பைரெஸ் (பாலிமர்.நியூக்ளிக் அண்ட் நேம் "ஓ2'")

'பைரெஸ்' என்பது ஓர் அணு அகப்பட்டால் அதன் ரெசிட்யூ முழுவதையும் இழுத்து வரும். விஎம்டியில் 'சேம் ரெசிட்யூ ஆஸ்' என்பது அதன் இணை. கேஸ்9 (டிஎன்ஏவை வெட்டும் புரதம்) போல வழிகாட்டி ஆர்என்ஏவும் இலக்கு டிஎன்ஏவும் பின்னிக் கிடக்கும் அமைப்புகளில் இது கைகொடுக்கும். ஒரு விதிவிலக்கை மட்டும் மறக்கக் கூடாது. 2' இடத்தில் ஃபுளூரின் வைத்து மாற்றிய ஆர்என்ஏவில் அந்த ஆக்சிஜனே கிடையாது. மெத்தில் வைத்ததில் ஆக்சிஜன் இருக்கும், அதனால் அதை இந்தக் கட்டளை பிடித்துவிடும்.

கடத்து ஆர்என்ஏவில் விழும் ஓட்டைகளுக்கு இப்போது வரலாம். ஈஸ்டின் பினைல்அலனைன் கடத்து ஆர்என்ஏ, 1ஈஎச்இசட் என்ற கோப்பு, இதைக் காட்ட ஏற்றது. மொத்தம் 76 நியூக்ளியோடைடுகள், அவற்றில் 14 வேதி மாற்றம் பெற்றவை. 10ஆம் இடத்தில் 2எம்ஜி, 16, 17இல் எச்2யூ, 34இல் ஓஎம்ஜி, 37இல் ஒய்ஒய்ஜி, 54இல் 5எம்யூ, 39, 55 இரண்டிலும் பிஎஸ்யூ, இப்படி. பிடிபி வடிவில் இவை சாதாரண 'ஆட்டம்' வரியில் வராமல் 'ஹெட்டாட்டம்' வரியில் வருகின்றன. அதாவது தண்ணீர், அயனிகள், மருந்துகள் எழுதப்படும் அதே வகை வரி. 'ரிமூவ் ஹெட்டாட்டம்' என்று அடித்தால் தண்ணீரோடு சேர்த்து இந்தப் 14 ரெசிட்யூக்களும் போய்விடும். ஆன்டிகோடானின் (கோடானோடு இணையும் மூன்றெழுத்தின்) முதல் எழுத்தான 34ஆம் குவானைன்கூட மிஞ்சாது. அதற்குப் பதில் 'ரிமூவ் சால்வென்ட்', பிறகு தேவையென்றால் 'ரிமூவ் இனார்கானிக்' என்று தனித்தனியாக நீக்குங்கள். நீக்கிய கையோடு சி1' எண்ணிக்கை 76 இருக்கிறதா என்று பார்த்துவிடலாம்.

பெயர்ப் பட்டியலிலும் இவற்றைச் சேர்க்க வேண்டும். இந்த மூலக்கூறில் 'யுராசில் குடும்பம்' வேண்டுமென்றால் 'ரெஸ்என் யூ+பிஎஸ்யூ+எச்2யூ+5எம்யூ'. எது எதன் திரிபு என்பதைக் கோப்பின் தலைப்பகுதியில் உள்ள 'மோட்ரெஸ்' வரிகள் சொல்லும், ஊகிக்க வேண்டியதில்லை. ஊகித்தால் அடி சறுக்கும். 5எம்சி என்பது ஆர்என்ஏவின் மெத்தில் சைட்டோசின். டிஎன்ஏவில் உள்ள அதே மெத்தில் சைட்டோசினுக்குப் பெயர் 5சிஎம். மெத்திலேற்றம் பெற்ற டிஎன்ஏவைத் தேடுகிறவர் எழுத்து இடம் மாறியிருப்பதைக் கவனிக்காமல் 'ஒன்றுமே இல்லை' என்ற முடிவுக்கு வந்துவிடலாம். சூடோயுரிடினில், அதாவது பிஎஸ்யூவில், இன்னொரு விசேஷம்: மற்ற பிரிமிடின்கள் என்1 வழியாகச் சர்க்கரையோடு இணைய, இது சி5 வழியாக இணைகிறது. காரத்தின் திருகு கோணத்தை அளக்க என்1 என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதிய ஸ்கிரிப்ட் இங்கே அர்த்தமில்லாத எண்ணைக் கொடுக்கும், பிழைச்செய்தி எதுவும் காட்டாமலே.

கடைசியாக எண்கள். பெயர் சரியாக இருந்தும் எண் காலை வாரும் இடங்கள் சில இருக்கின்றன. 1பிஎன்ஏவில் முதல் இழை 1 முதல் 12, இரண்டாவது இழை 13 முதல் 24. வேறு பல கோப்புகளில் இரண்டு இழையும் 1இலிருந்தே தொடங்கும். அங்கே சங்கிலியைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொன்னால் இரண்டு ரெசிட்யூ வரும். 1கேஎக்ஸ்5 என்ற நியூக்ளியோசோம் (புரதங்களைச் சுற்றிய டிஎன்ஏ) அமைப்பில் 147 கார இணைகள். நடுப்புள்ளியை 0 என்று வைத்து -73 முதல் 73 வரை எண்ணியிருக்கிறார்கள். பைமாலில் கழித்தல் குறி வீச்சைக் குறிக்கும் குறியும் ஆகிவிடுவதால், எதிர்ம எண்ணுக்கு முன்னால் ஒரு பின்சாய்வுக்கோடு போட வேண்டும்: 'ரெஸ்ஐ \-10'.

ரைபோசோமில் இது இன்னும் தலைவலி. 16எஸ் ஆர்என்ஏவைப் பற்றி எழுதுகிறவர்கள் எந்த உயிரியானாலும் ஈ கோலையின் எண்ணையே மேற்கோள் காட்டுவது வழக்கம். கோடானைச் சரிபார்க்கும் 1492, 1493ஆம் அடினைன்கள், 530ஆம் குவானைன் எல்லாம் அந்தக் கணக்குதான். 1ஜே5ஈ என்ற தெர்மஸ் தெர்மோபிலஸ் அமைப்பில் ஈ கோலை எண்களையே பின்பற்றியிருக்கிறார்கள். கூடுதலாக உள்ள நியூக்ளியோடைடுகளை 190ஏ, 190பி என்று எண்ணோடு எழுத்து சேர்த்துச் செருகியிருக்கிறார்கள். பைமாலிலும் கைமெரா எக்ஸிலும் எழுத்தை எண்ணோடு ஒட்டியே எழுதலாம். விஎம்டியில் 'இன்செர்ஷன்' என்ற தனிச் சொல்லால் கேட்க வேண்டும். விஎம்டியில் 'ரெசிட்' என்பதுதான் கோப்பிலுள்ள எண் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். 'ரெசிட்யூ' என்பது 0இலிருந்து அந்த மென்பொருள் தானே இட்டுக்கொள்ளும் வரிசை எண். இரண்டும் ஒன்றென்று நினைத்துத் தேர்ந்தால் பக்கத்து வீட்டு ரெசிட்யூதான் கிடைக்கும்.

கோப்பை எம்எம்சிஃப் (பிடிபி வடிவுக்கு அடுத்து வந்த கோப்பு வடிவம்) வடிவில் இறக்கினால் ஒவ்வொரு ரெசிட்யூவுக்கும் இரண்டு எண், ஒவ்வொரு சங்கிலிக்கும் இரண்டு பெயர் இருக்கும். 'ஆத்' என்று தொடங்குவது ஆய்வாளர்கள் இட்டது, 'லேபிள்' என்று தொடங்குவது வங்கி 1இலிருந்து தொடர்ச்சியாக இட்டது. ஆய்வுக் கட்டுரைகளில் காண்பது பெரும்பாலும் முதலாவது. பைமாலில் 'சிஃப்_யூஸ்_ஆத்' என்ற அமைப்பால் எதை எடுப்பது என்று மாற்றலாம். அதை மாற்றுவதென்றால் கோப்பைத் திறப்பதற்கு முன்பே மாற்றிவிட வேண்டும், திறந்த பிறகு மாற்றிப் பயனில்லை. நீங்கள் சொன்ன டிஎன்ஏ கோப்பில் 'ரெஸ்என் டிஏ' கொடுத்தும் ஏதாவது விடுபட்டால், மேலே உள்ள சி1' பட்டியலை எடுத்து, அதில் டிஏ, டிசி, டிஜி, டிடி அல்லாத பெயர் எது என்று முதலில் பாருங்கள்.